உறங்கும் பகைவன்

மயிலைக் கபாலீசுவரர் கோவில் குளக்கரையில் சென்ற மாதம் ஒரு மாலை நண்பர் ஒருவரைச் சந்தித்தோம். கையில் பூவும் வெற்றிலையும். முகத்தில் கல்யாணக் களை. அவருடைய மூத்த பெண்ணைப் பார்க்கத் தியாகராய நகரிலிருந்து ஒரு குடும்பத்தார் வரப் போகிறார்களாம். க்ஷேமலாபங்களை விசாரித்த பிறகு, அவருடைய தம்பி மனைவியின் தேகநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டோம். அந்த அம்மாளுக்கு நுரையீரலில் க்ஷயரோகம் கண்டு, சில மாதங்களாக மருந்து கொடுத்து வருவது நமக்குத் தெரியும்.

நண்பர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் சரியாகிவிட்டது, வாத்தியார் ஸார். இருமல் அடியோடு போய்விட்டது. நாலு கிலோ எடை கூட ஏறியிருக்கிறது. இரண்டு மாதம் முடிந்ததும் சளியைச் சோதித்துப் பார்த்துக் கிருமியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் மாத்திரை எதற்கு? பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அது பட்டால் என்ன ஆகும்? பத்து நாளாக நிறுத்தி வைத்திருக்கிறோம்."

"டாக்டரிடம் சொன்னீர்களா?"

"கிருமியே இல்லை என்று அவர்களே சொன்ன பிறகு, அவரிடம் போய் என்ன ஸார் சொல்வது?"

நண்பர் படித்தவர், பொறுப்புள்ளவர், தம்பி மனைவியைக் கூடப் பிறந்தவளைப் போல் நடத்துகிறவர். அவர் கேட்டது அசட்டுக் கேள்வியும் அல்ல. கிருமி இல்லை என்றால் மருந்து எதற்கு? நம்மில் எத்தனையோ பேர் மனத்தில் இருக்கும் கேள்விதான் இது. இதற்கு விடை காண விஞ்ஞானிகளுக்குப் பல்லாண்டுகள் பிடித்தன. அந்த விடையின் முக்கியமான ஒரு பகுதி, மயிலாப்பூரிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள சேத்துப்பட்டிலேயே கிடைத்தது. அதை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1944ஆம் ஆண்டில் பென்ஸிலின் புதிய மருந்து. அதன் புகழ் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த சமயம். அயர்லாந்திலுள்ள டப்ளின் நகரைச் சேர்ந்த ஜோஸப் பிக்கர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கொப்புளங்களிலும் புண்களிலும் சீழை உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமிகளைப் பென்ஸிலினில் இட்டால் அநேகமாக எல்லாம் மடிந்து போயின. ஆனால் முழுவதும் மடியவில்லை. பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஒன்று பிழைத்திருந்தது.

பிழைத்தவை மற்றவற்றைவிட வலிமை மிக்கவை என்றுதானே நாம் எண்ணுவோம்? பிக்கர் அவற்றைத் தனியே எடுத்து, மருந்தில்லாத புது ஆகாரத்தில் வளர்த்தார். அவை பெருகின. அந்தச் சந்ததியின் மீது மறுபடியும் பென்ஸிலினைப் பிரயோகித்தார். முன்போலவே பெரும்பாலானவை மடிந்தன. முன்போலவே மிகச் சில எஞ்சின. ஆகவே பிழைத்த கிருமிகளுக்குத் தனிப்பட்ட பலம் எதுவும் இல்லை. பரம்பரையாகக் கொடுக்கக்கூடிய கவசம் எதுவும் இல்லை. பின் எவ்வாறு தப்பின? மருந்து வந்த சமயத்தில் அவை வளராமல், பெருகாமல், வெறுமனே கிடந்தன. அதுதான் காரணம் என்று பிக்கர் முடிவு செய்தார். அவற்றுக்கு 'பெர்ஸிஸ்டர்' என்று பெயரிட்டார். நாம் அவற்றை 'உறங்கும் கிருமிகள்' என்று சொல்லலாம்.

இதன் சூட்சுமம் கடினமானதல்ல. கிருமி வளர்ந்து இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பென்ஸிலின் அந்தச் சுவர் வேலையைக் கெடுக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் கொத்தனாரின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குவது போன்ற காரியம் அது. பாதியில் நின்ற சுவர் இடிந்து கிருமி அழிகிறது. ஆனால் வேலையை நிறுத்திவிட்டுத் திண்ணையில் படுத்துறங்கும் கொத்தனாரிடம் பிடுங்குவதற்குக் கரண்டி ஏது? சுறுசுறுப்பாக உழைத்த கிருமி சாகிறது; சோம்பிக் கிடந்த கிருமி பிழைக்கிறது! மருந்தின் வேகம் அடங்கிய பிறகு இந்தச் சோம்பேறி கண் விழித்து, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, மீண்டும் ஒரு படையாகிவிடுகிறது.

பிக்கர் இதற்கு ஒரு பரிகாரமும் யோசித்தார். மருந்தை ஒரு முறை கொடுத்து, சற்று இடைவெளி விட்டு, உறங்கியவை விழித்தெழுந்ததும் மறுபடி கொடுத்துப் பார்க்கலாம் என்றார். நம் வீட்டுப் பெரியவர்கள் வற்றல் குழம்பை அன்றாடம் அடுப்பில் ஏற்றிச் சுண்ட வைப்பது இதற்கு ஒப்பானது. முதல் நாள் கொதியில் தப்பிய வித்து இரவில் முளைத்தால், மறுநாள் கொதியில் மாண்டுவிடும். ஒரே கொதியில் எல்லாம் தீர்ந்தது என்று நம் பாட்டிமார்கள் நம்பியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமி என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். அது வேறு, உறங்கும் கிருமி வேறு. முன்னது கவசம் அணிந்த பகைவன். விழித்திருந்து, மருந்தின் நடுவிலேயே பெருகக்கூடியவன். தன் கவசத்தைச் சந்ததிக்கும் கொடுப்பவன். பின்னது ஆயுதமற்றவன், ஒளிந்து கிடப்பவன். முதல்வனை ஒழிக்கப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டாமவனை ஒழிக்கப் பல மாதங்கள் கொடுக்க வேண்டும். மருந்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கி, மறுபடி விடுகிற வீட்டில் இருவரும் கூட்டாளிகளாகிவிடுகிறார்கள். உறங்கியவன் விழித்துப் பெருகுகிறான். பெருகும்போது அவன் சந்ததியில் யாரோ ஒருவன் கவசத்துடன் பிறக்கிறான்.

இனி க்ஷயரோகத்துக்கு வருவோம். நம் குடலில் வசிக்கும் சாதாரணக் கிருமி நல்ல ஆகாரம் கிடைத்தால் 20 நிமிஷத்தில் இரண்டாகிவிடும். க்ஷயக் கிருமி அவ்வாறு பிரிவதற்கு 20 மணி நேரம் அளவு எடுத்துக்கொள்கிறது. பிறவியிலேயே மந்தமான ஜீவன். மெழுகு போன்ற கனத்த மேலுறை வேறு. நுரையீரலில் காற்றும் மருந்தும் எளிதில் எட்டாத மூலைகளில் அது மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில் கூட ஒடுங்கிக் கிடக்கும்.

இதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிய பரிசோதனை 1956ஆம் ஆண்டில் வெளிவந்தது. நியூயார்க்கில் வால்ஷ் மெக்டெர்மட், ராபர்ட் மெக்கியூன் ஆகியோர் எலிகளுக்குக் க்ஷயத்தை உண்டாக்கி, ஐஸோநயாஸிட், பைரஸினமைட் என்ற இரண்டு மருந்துகளை 12 வாரம் கொடுத்தார்கள். பிறகு சில எலிகளின் உறுப்புகளை அரைத்துச் சோதித்தார்கள். ஒரு கிருமிகூட அகப்படவில்லை. வேறு சோதனையாளராக இருந்தால் 'வெற்றி' என்று எழுதிவிட்டு அத்துடன் நின்றிருப்பார். இவர்கள் நிற்கவில்லை. மீதி எலிகளை மருந்தில்லாமல் மூன்று மாதம் விட்டுவைத்துப் பிறகு சோதித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எலிகளில் க்ஷயக் கிருமி மறுபடியும் தோன்றியிருந்தது. அக்கிருமிகள் அதே மருந்துகளுக்கு அடங்குவனவாகவே இருந்தன.

நம் நண்பரின் கேள்விக்கு நேரான விடை இதுவே. "சோதனையில் காணவில்லை" என்பது ஒன்று. "உடலில் இல்லை" என்பது வேறொன்று.

அதே 1956ஆம் ஆண்டில் நம் சென்னையிலும் ஒரு பெரிய காரியம் தொடங்கிற்று. அதன் பெருமையை உணர, அதற்கு முந்தைய நிலையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது, அது க்ஷயமென்று கருதி அவரைச் சானடோரியங்களில் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்று, மெண்டிப் மலைப் பகுதியில் டாக்டர் சௌரிமுத்து என்ற நம்மவர் நடத்தியது. ராமானுஜன் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் தேதி இந்தச் சேத்துப்பட்டிலேயே காலமானார். அவருக்கு வந்த நோய் க்ஷயமல்ல, வேறொன்று என்ற அபிப்பிராயமும் பிற்காலத்தில் எழுந்தது. அது எவ்வாறாயினும், அந்நாளில் க்ஷயத்துக்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, நல்ல ஆகாரம், பூரண ஓய்வு, இவைதாம் சிகிச்சை. டாக்டர் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் நிறுவினார். இன்றும் மின்சார ரயிலில் அப்பெயருடைய நிலையத்தைக் கடக்கிறோம்.

ஸ்ட்ரெப்டோமைஸின், பி.ஏ.எஸ்., ஐஸோநயாஸிட் ஆகிய மருந்துகள் 1940களிலும் 1952லும் கிடைத்தபின்பும், நோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்தே கொடுக்க வேண்டுமென்று மேல்நாட்டு வைத்தியர்கள் நம்பினார்கள். சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன நம் தேசத்தில் லட்சக்கணக்கான நோயாளிகள். படுக்கைகளோ மிகச் சில. படுக்கையின்றிச் சிகிச்சை இல்லையென்றால் ஏழைக்குச் சிகிச்சையே இல்லை என்றாகிறது. இந்தச் சங்கடத்துக்கு விடை தேடத்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தை அமைத்தன. இன்று அது தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் என்ற பெயருடன் விளங்குகிறது. அது இருக்கும் சாலைக்கு, 1939இல் இந்நகரின் மேயரான தீரர் சத்தியமூர்த்தியின் பெயர் வாய்த்திருப்பது நமக்கு மகிழ்ச்சி அளிக்கிறது.

நிலையத்தை முதலில் நடத்தியவர் வாலஸ் பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் வைத்தியர். 193 நோயாளிகளைத் திருவுளச் சீட்டுப் போன்ற முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். அங்கே சத்துள்ள உணவு, ஓய்வு, தாதிகளின் பணிவிடை எல்லாம் உண்டு. மற்றப் பிரிவினர் தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். நெருக்கடியான குடித்தனம்; அரை வயிற்றுச் சாப்பாடு; வேலையும் நிற்காது. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள், ஒரே அளவு, ஒரு வருஷம். முடிவு 1959இல் வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. பிந்திய ஆண்டுகளிலும் தொடர்ந்து கவனித்ததில், நோய் திரும்பியவர்கள் இரு பிரிவிலும் சிலரே. இன்னொரு செய்தி முக்கியமானது: வீட்டிலிருந்தபடி மருந்துண்டவர்களின் குடும்பத்தாருக்கு, அதன் காரணமாக நோய் அதிகம் தொற்றவில்லை. தொற்றுவது பெரும்பாலும் நோய் இன்னதென்று கண்டு மருந்து தொடங்குவதற்கு முன்பேதான்.

மாளிகையும் மலைக்காற்றும் செய்ததாக நினைத்த வேலையை மருந்தே செய்கிறது என்று சென்னையின் ஏழைக் குடும்பங்கள் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டின. தேசம் தேசமாகச் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததற்கு இந்தச் சோதனை ஒரு பெரிய காரணம்.

ஆனால் ஒரு தொல்லையைத் தீர்த்ததும் மற்றொன்று தலைகாட்டியது. ஆஸ்பத்திரியில் தாதி கையில் கொடுத்து விழுங்கச் செய்கிறாள். வீட்டில் யார் பார்ப்பது? பாக்ஸும் அவருடைய சகாக்களும் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குச் சென்று மருந்தை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பலர் ஒழுங்காக உண்ணவில்லை என்று தெரிந்தது. இதைப் பற்றி பாக்ஸ் 1958இல் எழுதினார். இது படிப்பில்லாதவர்களின் குற்றமோ இந்தியர்களின் குற்றமோ அல்ல. உடம்பு தேறிய எந்த மனிதனும், எந்த நாட்டிலும், மருந்தை மறக்கிறான். நோய் வருத்தும்போது மருந்து தெய்வம்; வருத்தம் நீங்கியதும் அது பாரம். அந்தப் பாரத்தைச் சுமக்க ஒருவர் துணை வேண்டும் என்ற எண்ணத்திலிருந்தே, கண்முன் மருந்தை விழுங்கச் செய்யும் முறை சென்னையில் சோதிக்கப்பட்டுப் பிற்பாடு உலகெங்கும் பரவிற்று.

சிகிச்சைக் காலத்தைக் குறைக்க முடியாதா என்ற ஆராய்ச்சியும் நடந்தது. சேத்துப்பட்டு நிலையத்தின் பணிகளில் நெடுங்காலம் தொடர்பு கொண்டிருந்த டெனிஸ் மிச்சிஸன் என்ற லண்டன் கிருமி நிபுணர், ஒரே நோயாளியின் உடலில் க்ஷயக் கிருமிகள் நால்வகை நிலையில் இருப்பதாக 1979இல் விளக்கினார். வேகமாகப் பெருகுபவை ஒரு வகை; அவற்றை ஐஸோநயாஸிட் சில நாட்களிலேயே கொன்று குவிக்கிறது. புளிப்பேறிய இடங்களில் ஒடுங்கியிருப்பவை மற்றொரு வகை. அவற்றைப் பைரஸினமைட் தாக்குகிறது. பெரும்பாலும் தூங்கி, அவ்வப்போது சிறிது நேரம் மட்டும் கண் விழிப்பவை மூன்றாவது. அந்தக் கண நேர விழிப்பைப் பயன்படுத்தி ரிபாம்பிஸின் அவற்றை வீழ்த்துகிறது. முற்றும் உறங்குபவை நான்காவது. அவற்றை எந்த மருந்தும் தொடுவதில்லை. நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே அவற்றைக் காவல் காக்க வேண்டும்.

நோயாளிக்கு இருமல் நிற்பதும் எடை கூடுவதும் முதல் வகை மடிவதால். மீதியிருக்கும் மாதங்கள் மூன்றாம் வகைக்காக, அவை எப்போது கண் திறக்கும் என்று காத்திருந்து அடிப்பதற்காக! ரிபாம்பிஸினும் பைரஸினமைடும் சேர்ந்ததால்தான் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட சிகிச்சை 6 மாதமாகக் குறைந்தது. சேத்துப்பட்டில் 3 மாதத்தோடு நிறுத்தியும் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு அதுவே போதுமானதாயிருந்தது. ஆனால் கணிசமான ஒரு பகுதியினருக்கு நோய் திரும்பிற்று. யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்று முன்கூட்டி அறிய வழியிருந்தால் நம் நண்பரின் வீட்டிலும் இன்றே நிறுத்தலாம். எல்லோருக்கும் பொருந்தும்படி நிச்சயமாகச் சொல்லக்கூடிய அத்தகைய வழி இன்னும் கைவரவில்லை. ஆகையால்தான் எல்லோருக்கும் முழுக்காலம். நம் நாட்டில் மருந்துக்கு அடங்கும் சாதாரண க்ஷயத்துக்கு இன்றுள்ள முறை, முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும். 2017 முதல் இவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள் என்றில்லாமல் தினந்தோறும் கொடுக்கிறார்கள்.

பிக்கர் ஊகித்ததைக் கண்ணால் காணும் பாக்கியம் 2004இல் கிடைத்தது. நதாலி பாலபான் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் மிக நுண்ணிய வாய்க்கால்களில் கிருமிகளைத் தனித்தனியே அடைத்து, பூதக்கண்ணாடியின் வழியே ஒவ்வொன்றாகக் கவனித்தார்கள். மருந்துக்குத் தப்பியவை, மருந்து வருவதற்கு முன்பே வளர்ச்சியை நிறுத்தியிருந்தவை என்று தெளிவாயிற்று. விதைத்த நெல் எல்லாம் ஒரே நாளில் முளைப்பதில்லை. சில மண்ணில் தங்கி, முதல் பயிர் வெயிலில் கருகினாலும் பிறகு தலைகாட்டும். கிருமிக் குலமும் தன்னில் சிலரை எப்போதும் இவ்வாறு தூங்க வைத்துக் குலநாசத்திலிருந்து தப்புகிறது.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். இதைப் படித்துவிட்டு, ஜலதோஷத்துக்கும் தொண்டைக் கட்டுக்கும் மாதக்கணக்கில் மருந்து தின்ன வேண்டுமென்று யாரும் எண்ணக் கூடாது. ஜலதோஷத்துக்கு இத்தகைய மருந்தே வேண்டியதில்லை. வேறு பல நோய்களுக்குச் சில நாள் மருந்தே போதுமென்று இக்கால ஆராய்ச்சிகள் கூறுகின்றன. நாளின் அளவை நிர்ணயிக்க வேண்டியவர் வைத்தியர்; நாமும் அல்ல, பக்கத்து வீட்டாரும் அல்ல, நம் இருமலும் அல்ல.

2023ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் க்ஷயம் கண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. அவர்களில் நூற்றுக்கு 26 பேர் நம் தேசத்தினர். வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் கற்பித்த நாட்டுக்கு இது பெருமை தரும் கணக்கல்ல. மருந்து ஒரு நாள்கூடத் தட்டுப்படாமல் கிடைக்கச் செய்வது சர்க்காரின் கடமை. கிடைத்த மருந்தை ஒரு நாள்கூடத் தவறாமல் உட்கொள்ளச் செய்வது குடும்பத்தின் கடமை. மாத்திரையை மறைக்கும் குடும்பம் அதைச் செய்ய முடியாது. இந்நோய் ஏழைக் குடிசையில்தான் வரும், நம் வீட்டில் வராது என்ற வீண் கௌரவம், மாட வீதிகளிலும் அடையாற்றுப் பங்களாக்களிலும் எத்தனை பெண்களை அரைகுறைச் சிகிச்சையோடு நிறுத்தியிருக்கிறதோ! ஒழுங்காக மருந்துண்ணும் நோயாளியைக் கண்டு சம்பந்தி வீட்டார் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது மருந்து தொடங்காத நோயையும், பாதியில் விட்ட நோயையும்தான்.

இவ்வளவையும் குளக்கரையில் நின்று நண்பரிடம் சொல்ல முடியவில்லை. எலிகளின் கதையை மட்டும் சொன்னோம். மூன்றில் ஒரு பங்கு என்றதும் அவர் முகம் மாறிற்று. மறுநாட்காலை தம்பி மனைவியை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போய், விட்ட பத்து நாட்களையும் ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் கோபிக்கவில்லை. மறுபடியும் சோதித்து, மீதிக் காலத்துக்கு எப்படிக் கொடுப்பது என்று தாமே கணக்கிட்டு எழுதிக் கொடுத்தார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். தியாகராய நகரத்தார் வந்து போய்விட்டார்களாம். பதில் இன்னும் வரவில்லை. மாத்திரைப் பட்டை சமையலறை அலமாரியில், காப்பிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. கல்யாணப் பெண் தினமும் காலையில் தன் கையாலேயே அதைப் பிரித்துச் சித்திக்குக் கொடுக்கிறாள் என்று நண்பர் சொன்னார்.